ஆன்மாவுக்கு எந்தத் தெரு?

மறுபிறவி உண்டா இல்லையா என்கிற விவாதத்தை நம்முடைய பத்திரிகைகள் ரொம்ப சீக்கிரமாக முடித்துவிடுகின்றன. ‘இல்லை, அது பார்ப்பனப் புரட்டு’ என்று ஒரு வரி, அதோடு சரி. பகுத்தறிவு இயக்கம் கற்றுக்கொடுத்த அந்த ஒரு வரியோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் ஆன்மா இல்லை என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போய் சாதி பார்த்துப் பெண் எடுக்கிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்தாச்சு. ஆன்மாவை வெளியேற்றின வீட்டிலும் சாதி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் மறுபிறவிக் கருத்தியல் இத்தனை காலம் செய்த வேலையை வெறும் நம்பிக்கை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. அது ஒரு வாசிப்பு முறை. கண்முன்னால் நடக்கிற அநீதியை, என்றைக்கோ நடந்த குற்றத்துக்கான சாட்சியமாக மாற்றி வாசிக்கிற முறை. அது நம் இலக்கியப் பிரதிகளுக்குள் எப்படி ஓடுகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்க்கலாம்னு தோணுது.

முதலில் ஒரு பல்லக்கு. திருக்குறளில் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் 37ஆவது குறளில் அது வருகிறது. ஒருத்தன் தூக்குகிறான், ஒருத்தன் ஏறிப் போகிறான். இந்த ரெண்டு பேரையும் வைத்துக்கொண்டு அறத்தின் வழி இது என்று சொல்ல ‘வேண்டா’ என்கிறது குறள். என்ன வேண்டா? ‘சொல்லவே தேவையில்லை, பார்த்தாலே தெரியுது’ என்றும் படிக்கலாம். ‘அப்படிச் சொல்லித் தொலைக்காதே’ என்றும் படிக்கலாம். ஒரே சொல், ரெண்டு அரசியல். பரிமேலழகர் முதல் வழியில் போகிறார். அறத்தின் பயனை ஆகமத்தைக் காட்டி நிறுவ வேண்டியதில்லை, தூக்குகிறவனையும் ஏறியிருக்கிறவனையும் பார்த்தாலே போதும், காட்சி அளவையே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் உரையின் சாரம்.

இந்த இடத்தில் நின்று கவனிக்கணும். காட்சியில் என்ன தெரிகிறது? ஒரு மரத்தண்டு தெரிகிறது. அதை வாங்கியிருக்கிற தோள் தெரிகிறது. தோளில் காய்ப்பு தெரிகிறது. மேலே இருக்கிறவனின் சதை தெரிகிறது. போன பிறவி எங்கே தெரிகிறது? அது காட்சி இல்லை, அனுமானம். அனுமானம்கூட இல்லை, நூல் சொன்னதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற காட்சி. ஆகமம் வேண்டாம் என்று வாசலில் சொல்லிவிட்டு, கொல்லை வழியாக அதையே உள்ளே கூட்டிவருகிறது உரை. தூக்குகிறவன் வாயைத் திறந்தால் ‘இவனோட அப்பன் எங்க அப்பன்கிட்ட நிலத்தைப் புடுங்கினான்’ என்று சொல்லக்கூடும். அதுவும் ஒரு முன்கதைதான், போன பிறவிக்குப் போகாமல் போன தலைமுறையோடு நிற்கிற முன்கதை. ஆனால் உரைகாரர் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. சாட்சியமாக நிற்கிறவனைச் சாட்சி சொல்லக் கூப்பிடாத விசாரணை இது.

இந்த விசாரணைக்கு ஒரு கணக்குப் பிரிவும் இருக்கிறது. சேர்த்து வைத்த வினை சஞ்சிதம், அனுபவித்துத் தீர்க்க வேண்டியது பிராரத்தம், இனிமேல் ஏறப்போவது ஆகாமியம். வரவு, செலவு, நிலுவை. காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக்கோயிலே உண்டு. தென்மாவட்டங்களில் சித்ரா பௌர்ணமி அன்று சித்திரபுத்திர நாயனார் கதையை உட்கார்ந்து படிக்கிறார்கள். பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவியை 1980இல் தமிழ்நாடு அரசு ஒழித்துவிட்டது. மேலுலகக் கணக்குப்பிள்ளையின் பரம்பரைப் பதவியை ஒழிக்க எந்த அரசாணையும் இதுவரை வரவில்லை. கிராமத்துக் கணக்கில் நம்ம ஆட்களின் நிலம் எப்படி அடுத்தவன் பேருக்கு ஏறியது என்று தெரிந்தவர்களுக்கு, பார்க்க முடியாத அந்த இன்னொரு நோட்டில் மட்டும் எல்லாம் சரியாக எழுதியிருக்கும் என்று எப்படி நம்பிக்கை வரும்?

சரி, ஆன்மாவுக்கு வருவோம். ‘உடம்புக்குத்தான் சாதி, ஆன்மாவுக்குச் சாதி கிடையாது’ என்று நம்மிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள். மேலே கையை வைக்காமல் தோளைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு பேச்சு. இதற்கு ஆதாரமாக ஆதிசங்கரரையும் காசியில் எதிரே வந்த சண்டாளரையும் பற்றிய கதையைச் சொல்வார்கள். ‘விலகு’ என்கிறார் சங்கரர். ‘எதை விலகச் சொல்கிறாய், உடம்பையா ஆன்மாவையா’ என்று சண்டாளர் கேட்கிறார். அற்புதமான கேள்வி. ஆனால் கதை அடுத்த நிமிஷமே என்ன செய்கிறது? கேட்டவர் சிவபெருமான் என்று ஆக்கிவிடுகிறது. ஒரு சண்டாளருக்கு அந்தக் கேள்வி தானாகத் தோன்றியிருக்கும் என்று கதையால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதே சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சூத்திரனுக்கு வேதம் கேட்கும் தகுதி இல்லை என்று வாதாடுகிறார். வேதம் கேட்ட காதில் ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்கிற ஸ்மிருதியை மேற்கோளாகவும் காட்டுகிறார். ஆன்மாவுக்குச் சாதி இல்லை, காதுக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் மத்வர் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானவர் என்றே சொல்வேன். முக்திக்குத் தகுதியானவை, எப்போதும் சம்சாரத்திலேயே சுழல்பவை, இருளுக்கே உரியவை என்று ஆன்மாக்களையே மூன்று தரமாகப் பிரித்துவிட்டார். தெருவைப் பிரித்த மாதிரி.

இதற்கெல்லாம் மூலம் சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. நல்ல நடத்தை உள்ளவர்கள் பிராமண, க்ஷத்திரிய, வைசியக் கருப்பைகளை அடைவார்களாம். கெட்ட நடத்தை உள்ளவர்கள் நாயின் கருப்பையை, பன்றியின் கருப்பையை, அல்லது சண்டாளக் கருப்பையை அடைவார்களாம். எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நம் அம்மாக்களின் வயிற்றைத் தண்டனைக் கூடமாக அறிவிக்கிற வாக்கியம் இது. மறுபிறவியைப் பற்றி எத்தனையோ தத்துவ விசாரணைகள் நடந்திருக்கின்றன, ஆனால் இந்த வயிற்றின் பக்கம் நின்று யாரும் விசாரிக்கவில்லை. தலித் பெண்ணின் கருப்பை இன்னொருத்தனின் பாவத்தைக் கொட்டுகிற இடமாக ஏன் இருக்கணும்?

நவீன ஆராய்ச்சியிலும் இந்த வாடை போகவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சன், முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொல்லும் குழந்தைகளைத் தேடிப்போய் விவரம் சேகரித்து, 20 நிகழ்வுகளை 1966இல் நூலாக்கினார். அதில் உத்தரப்பிரதேசத்து ஜாட் வீட்டுக் குழந்தை ஒன்று. செத்துவிட்டது என்று நினைத்த பிள்ளை பிழைத்து எழுந்து, தான் வேறொரு ஊர்ப் பிராமணர் வீட்டுப் பிள்ளை என்று சொன்னதாம். ஜாட் வீட்டுச் சாப்பாட்டைத் தொட மறுத்ததாம். அக்கம்பக்கத்துப் பிராமணப் பெண் ஒருவர் ஒரு வருஷத்துக்கு மேல் தனியாகச் சமைத்துக் கொடுத்திருக்கிறார். நிகழ்வு மெய்யா பொய்யா என்பதை அறிவியல்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பிரதியாக வாசித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: அந்த ஆன்மா உடம்பை விட்டது, ஊரை விட்டது, பெற்றவர்களை விட்டது, ஆனால் யார் வீட்டில் சாப்பிடக்கூடாது என்பதை மட்டும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆன்மாவுக்குச் சாதி இல்லை என்கிறவர்கள் இந்தக் குழந்தைக்குப் பதில் சொல்லட்டும்.

இப்போது நந்தன். நந்தனைப் பற்றி நாம் பேசாத பேச்சா என்று நினைக்கலாம். ஆனால் மறுபிறவி என்கிற கோணத்தில் அந்தக் கதையைப் போதுமான அளவு கிண்டவில்லை என்பது என் எண்ணம்.

சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியைக் காட்டுகிற இடம் பெரியபுராணத்தின் அழகான இடங்களில் ஒன்று. கோழிகளும் குஞ்சுகளும் திரிகின்றன. கையில் இரும்புக் காப்பு போட்ட கறுத்த பிள்ளைகள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தோல் காய்கிறது, மரக்கிளையில் பறை தொங்குகிறது. அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்தவர், அங்கிருந்து ஒரு ஆளைத் தில்லைக்குக் கூட்டிப்போகும்போது தடுமாறுகிறார். திருநாளைப்போவார் என்ன தொண்டு செய்தார்? கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். செத்த மாட்டின் தோல் கோயிலுக்குள் போனது. நரம்பு போனது. மாட்டின் பித்தத்திலிருந்து எடுத்த பொருள் போனது. இவை எதுவும் தீயில் குளித்துவிட்டுப் போகவில்லை. அந்தத் தோலை உரித்த கைதான் வெளியே நின்றது.

கனவில் இறைவன் வந்து சொல்வது என்ன? இந்தப் பிறவி நீங்குவதற்குத் தீயில் மூழ்கி எழுந்து, பூணூல் போட்டவர்களோடு வா என்பதுதான். பிறவி என்கிற சொல்லைச் சேக்கிழார் இங்கே வைத்தது சாதாரண விஷயம் இல்லை. சாஸ்திரப்படி பிறவி மாறணும்னா சாகணும். கணக்குத் தீரணும், அடுத்த கருப்பைக்குப் போகணும், அங்கேயும் ஒழுங்காக அடிமை வேலை செய்யணும், அப்புறம்தான் ஒரு படி மேலே. நந்தனுக்கு மட்டும் தெற்கு வாசலுக்கு வெளியே ஒரு தீக்குழியில் சில நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. முனிவர் கோலத்தில், மார்பில் நூலோடு வெளியே வருகிறார். அப்படியானால் சஞ்சிதம் எங்கே போச்சு, பிராரத்தம் எங்கே போச்சு? வேண்டுமென்றால் ஒரே நிமிஷத்தில் அழித்துவிடக்கூடிய கணக்கை ஏன் ஆயிரம் வருஷம் வைத்திருந்தார்கள்? பிறவி என்பது கோயில் நிர்வாகம் தன் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று என்கிற உண்மையைச் சேக்கிழார் தன்னையறியாமல் போட்டு உடைத்துவிடுகிறார். அதனால்தானோ என்னவோ, தீயிலிருந்து வந்த நந்தன் உள்ளே போனதோடு சரி. அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. பூணூல் போட்ட நந்தன் ஆதனூருக்குத் திரும்பி வந்து, தன் அம்மா கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிடுகிற காட்சியை எந்தப் புராணமும் எழுத முடியாது.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதில் ஒரு வேதியர் பண்ணையாரைச் சேர்த்தார். 40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்று நிபந்தனை போட வைத்தார். பெரியபுராணத்தில் இல்லாத முதலாளி இங்கே வந்துவிட்டார். கதாகாலட்சேபத்திலும், பின்னால் 1935லும் 1942லும் வந்த சினிமாக்களிலும் ஜனங்கள் கேட்டதும் பார்த்ததும் இந்த நந்தனைத்தான். ஒரு விதத்தில் அவர் செய்தது நல்லது. வினைக் கணக்கு வைத்திருக்கிறவன் யார், நெல் கணக்கு வைத்திருக்கிறவன் யார் என்று ஒரே மேடையில் தெரிந்தது. ஆனால் அந்தத் தீ அப்படியேதான் இருந்தது. அதே தஞ்சை மண்ணில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தத் தீயிலிருந்து யாரும் நூலோடு எழுந்து வரவில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் இந்தக் கதையைத் தலைகீழாகப் புரட்டினார். அவருக்கு நந்தன் ஒரு பௌத்த அரசன், வேஷப் பிராமணர்களின் சூழ்ச்சியில் வீழ்ந்தவன். இதையும் நாம் விமர்சனத்தோடு வாசிக்கணும். ‘நாம் முன்பு ஆண்டவர்கள், பூர்வ பௌத்தர்கள்’ என்பதும் ஒரு முற்பிறவி நினைவுதான். தனி ஆளுக்குப் பதிலாக ஒரு சமூகத்துக்கே வரும் முற்பிறவி நினைவு. அரசனாக இருந்திருந்தால்தான் மரியாதையா, பறையடித்தவனாகவே இருந்திருந்தால் என்ன குறைச்சல் என்று நம் இளைஞர்கள் கேட்பது நியாயம். இருந்தாலும் ஒரு வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது. சாஸ்திரத்தின் முற்பிறவியில் குற்றவாளி நீ. பண்டிதரின் முற்பிறவியில் குற்றவாளி வேறொருத்தன். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கி, 1907 முதல் ‘தமிழன்’ நடத்தி, அவர் செய்த பெரிய காரியம் நோட்டில் பாவத்தை எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பியதுதான்.

பௌத்தம் என்றதும் மணிமேகலைக்குப் போகாமல் இருக்க முடியாது. இங்கேதான் ஆன்மா பற்றிய சிக்கல் முற்றுகிறது. பௌத்தம் நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்கிறது. ஆனால் வினையும் மறுபிறப்பும் உண்டு என்கிறது. ஆளே இல்லாமல் கடன் மட்டும் எப்படி அடுத்த வீட்டுக்குப் போகும்? இதைத்தான் நீலகேசி ஒவ்வொரு பௌத்த ஆசிரியராகத் தேடிப்போய் மடக்கிக் கேட்கிறாள். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது எதுவும் இடம்பெயரவில்லை, ஆனாலும் சுடர் தொடர்கிறது என்பது மிலிந்தன் கேள்விகளில் நாகசேனர் சொல்லும் விடை. அழகான உவமை. ஆனால் எந்த விளக்கு எந்தத் தெருவில் எரியும் என்பதை அந்த உவமை தீர்மானிப்பதில்லை, அங்கேதான் நமக்குப் பிரச்சினை.

சாத்தனார் இந்தப் பிரச்சினையைத் தொட்டிருக்கிறார். ஆபுத்திரன் கதையைப் பாருங்கள். வேள்விக்குக் கட்டின பசுவை அவிழ்த்துவிட்ட பையன் அவன். பார்ப்பனர்கள் அவன் பிறப்பை இழுத்துத் திட்டும்போது, பசு, மான், புலி, நரி வயிற்றில் பிறந்த முனிவர்களின் பட்டியலை எடுத்து வைக்கிறான். சாலி என்கிற பார்ப்பனப் பெண் பெற்றுப் போட்டுவிட்டுப் போன பிள்ளை, புலையன் மாதிரி, தொடாதீர்கள் என்கிறார்கள். சிரிக்கிறான். உங்கள் ரிஷிகள் யார் வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரியாதா என்று திருப்பிக் கேட்கிறான். பிறப்பை வைத்துச் சாதி சொல்வதை இவ்வளவு கூர்மையாகக் கிழித்த இடம் தமிழில் குறைவு. ஆனால் அடுத்து என்ன நடக்கிறது? மணிபல்லவத்தில் பட்டினி கிடந்து சாகும் ஆபுத்திரனை, சாவக நாட்டில் ஒரு பசு வயிற்றில் பிறக்க வைத்து, புண்ணியராசன் என்கிற அரசனாக்கிவிடுகிறார் சாத்தனார். ஏணியை உடைத்தவனுக்குப் பரிசாக ஏணியின் உச்சிப்படி. அந்த அரசன் மணிபல்லவத்துக்கு வந்து தன்னுடைய பழைய எலும்பைத் தானே பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் எலும்பைப் பார்க்கும் வாய்ப்பு அரசனான பிறகுதான் கிடைக்கிறது என்பதும் உறுத்தும்.

இன்னொரு இடம் 27ஆம் காதை. வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் கேட்டுவந்த மணிமேகலை கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் போதை பிறக்கிற மாதிரி, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும். பிரிந்தால் பறையின் ஓசை அடங்குகிற மாதிரி அடங்கிவிடும். மறுமை என்பதெல்லாம் பொய் என்கிறான் அவன். மணிமேகலை சிரிக்கிறாள். தன் முற்பிறவி தெரிந்தவள் ஆயிற்றே. அது மயக்கமாகவோ கனவாகவோ இருக்கலாம் என்கிறான் பூதவாதி. அதற்கு அவள் கேட்கிறாள்: உன் அப்பா அம்மா யார் என்பதையே நீ அனுமானத்தால்தானே அறிவாய்?

அதோடு காதை அவன் வாயை அடைத்துவிடுகிறது. அவனுக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை. அவன் இடத்தில் சேரிக்காரன் ஒருத்தன் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று நான் யோசித்தது உண்டு. ‘சரிம்மா, என் அப்பன் யாருன்னு நான் அனுமானத்துலதான் தெரிஞ்சுக்கணும், ஒத்துக்கறேன். அப்ப அவனவன் பிறந்த சாதியும் அனுமானம்தானே? அந்த அனுமானத்தை நம்பித்தானே என்னைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியிருக்காங்க?’ மணிமேகலையின் வாதம் மறுபிறவியைக் காப்பாற்றுகிறது, கூடவே பிறப்பு என்கிற சான்றிதழையே கிழித்துவிடுகிறது. ஆபுத்திரன் கேட்டதும் இதேதான். காப்பியத்தின் ஒரு கை செய்ததை இன்னொரு கை அறியவில்லை.

மணிமேகலையை நான் இதற்காகவெல்லாம் தள்ளிவிடுவதில்லை. யானைப்பசி பிடித்த காயசண்டிகைக்கு அந்தப் பசி ஒரு முனிவரின் சாபத்தால் வந்தது என்று காப்பியம் காரணம் சொல்கிறது. ஆனால் சோறு போடும்போது காரணம் பார்ப்பதில்லை. சிறைக்கோட்டத்துக்குள் போய் அமுதசுரபியை ஏந்தும்போது, யார் என்ன குற்றம் செய்து உள்ளே வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்தச் சிறைக்கோட்டமே அறக்கோட்டம் ஆகிறது. முற்பிறவியை இவ்வளவு நம்புகிற ஒரு காப்பியம், பசித்த வயிற்றுக்கு முன்னால் வந்ததும் கணக்கு நோட்டை மூடி வைத்துவிடுகிறது. பரிமேலழகரின் பல்லக்குக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்கணும்.

இதுவரைக்கும் நூல்களைப் பற்றியே பேசிவிட்டேன். நம்ம சனங்களிடம் மறுபிறவி இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேற ஒண்ணு. எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சஞ்சிதம் பிராரத்தம் எல்லாம் கேள்விப்பட்டது கிடையாது. வீட்டில் பெரியவர் ஒருத்தர் செத்து, அடுத்து ஆண் குழந்தை பிறந்தால் ‘கெழவன் திரும்ப வந்துட்டான் பாரு’ என்று சொல்லும். நெற்றி, காது, மச்சம் எல்லாம் பார்த்து ஒப்பிடும். பெயரையும் அதுவே வைக்கும். பேரன் என்கிற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. இந்தத் திரும்பி வருதலில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. செத்தவர் நல்லவராக இருந்ததால் ஐயர் வீட்டில் பிறக்கவில்லை, கெட்டவராக இருந்ததால் பன்றியாகவும் பிறக்கவில்லை. பிரிய மனசில்லாமல் அதே குடிசைக்கு, அதே ஜனத்துக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான். சேரியில் பிறப்பது இங்கே தண்டனை இல்லை, வீட்டுக்குத் திரும்புவது.

இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 2002இல் வெளியிட்ட நூலில் வட அமெரிக்கப் பழங்குடிகள், பௌத்தர்கள், பண்டைய கிரேக்கர்கள் ஆகியோரின் மறுபிறவி நம்பிக்கைகளை ஒப்பிட்டு இதைத்தான் விளக்குகிறார். செத்தவர் தன் உறவுக்குள்ளேயே திரும்பப் பிறப்பார் என்கிற நம்பிக்கை உலகத்தில் பல சிறு சமூகங்களில் இருக்கிறது, அதில் பாவபுண்ணியக் கணக்கு கிடையாது. அந்த நம்பிக்கைக்கு மேல் அறக்கணக்கைப் பிற்பாடு ஏற்றும்போதுதான் அது கர்மக் கோட்பாடாகிறது என்பது அவர் வாதம். அப்படியென்றால் மறுபிறவி பார்ப்பனியம் உண்டாக்கியது என்று சொல்வதைவிட, ஜனங்களிடம் இருந்த ஒரு ஏக்கத்தைப் பார்ப்பனியம் எடுத்து அதற்கு ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கட்டிவிட்டது என்று சொல்வது சரியாக இருக்கும் என நினைக்கிறேன்.

‘போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சனோ’ என்று நம் பெண்கள் சொல்வதைக் காட்டி, பார், அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள் என்பார்கள். ஒப்பாரியில் அதைக் காதுகொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். அது ஒப்புதல் வாக்குமூலம் கிடையாது. அது கேள்வி. ‘செஞ்சேன்’ என்று முடிவதில்லை, ‘செஞ்சனோ’ என்று முடிகிறது. மாரில் அடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. இத்தனை நாள் பாடியும் யாரும் பதில் சொல்லாத கேள்வி.

அம்பேத்கர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அவர் மறைவுக்குப் பிறகு 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையிலேயே இந்த முரண்பாட்டை வைக்கிறார்: ஆன்மாவை மறுத்த புத்தர் எப்படிக் கர்மத்தையும் மறுபிறப்பையும் சொல்லியிருக்க முடியும்? பௌத்தர்களே மழுப்பிவந்த இடத்தை அவர் மழுப்பவில்லை. உடம்பு சாகும்போது அதிலிருந்த நிலம், நீர், தீ, காற்று ஆகியவை வெளியே உள்ள அதே பொருள்களோடு போய்ச் சேர்கின்றன. அவை மறுபடி கூடும்போது பிறப்பு நடக்கிறது. ஆன்மா திரும்பப் பிறப்பதில்லை, பொருள்தான் திரும்பப் பிறக்கிறது. உணர்வு எப்படி வருகிறது என்பதற்கு மின்புலம் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் உண்டாவதை உவமை சொல்கிறார். முற்பிறவி வினைதான் இன்றைய நிலைமைக்குக் காரணம் என்பது ஏழைகளும் ஒடுக்கப்பட்டவர்களும் இருக்கிற நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கச் செய்த ஏற்பாடு என்கிறார். சென்னையில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1907இல் ‘பௌத்த சாரம்’ நூலை ஆங்கிலத்தில் எழுதிய பேராசிரியர் லட்சுமி நரசு, இடம்பெயரும் ஆன்மா என்கிற கருத்தைப் பௌத்தத்திலிருந்து பிடுங்கி எறிந்தவர். 1948இல் அந்நூலை மறுபதிப்புச் செய்து முன்னுரை எழுதியவர் அம்பேத்கர்.

அம்பேத்கரின் இந்த விளக்கத்தைப் படித்துவிட்டு மணிமேகலை 27ஆம் காதையைத் திறந்தால், அவர் குரல் பூதவாதியின் பக்கத்திலிருந்து கேட்கிறது. ஒரு பௌத்தக் காப்பியம் சிரித்து வாயடைத்த ஆளின் வாதத்தை, 20ஆம் நூற்றாண்டின் பெரிய பௌத்தர் எடுத்துப் பேசுகிறார். இது பௌத்தமே இல்லை என்று தேரவாதப் பண்டிதர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது, அது வேறு. நிலமும் நீரும் திரும்பக் கூடுவதில் எங்க ஆயாவின் பிரியம் எங்கே போச்சு? செத்தவர் முகத்தைக் குழந்தையிடம் தேடுகிற மனசுக்கு அந்த அத்தியாயத்தில் இடமில்லை. விஞ்ஞான நடையில் அவசரமாகக் கடந்து போகிறார்.

ஆனால் 1956 அக்டோபர் 14 நாக்பூரில், லட்சக்கணக்கானவர்கள் முன்னால் சொன்ன 22 உறுதிமொழிகளில் அவரே அந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டுவருகிறார். இன்று எனக்குப் புதுப்பிறப்பு நடக்கிறது என்று ஏற்கும் உறுதிமொழி அதில் 21ஆவது. ஆன்மாவை மறுத்தவர், முற்பிறவி வினையை மறுத்தவர், ஜென்மம் என்கிற சொல்லை மட்டும் எதிரியிடமே விட்டுவிடவில்லை. நந்தனுக்கு நடந்ததும் இதே உடம்பில் பிறவி மாற்றம்தான். ஆனால் நாக்பூரில் தீ இல்லை. யாரும் பார்ப்பனராக எழுந்து வரவில்லை. யாரும் காணாமல் போகவும் இல்லை. வெள்ளைச் சேலை உடுத்தி வந்தவர்கள் அதே உடம்போடு அதே சேரிக்குத் திரும்பிப் போனார்கள், மறுநாள் வேலைக்கும் போனார்கள்.

60 வருஷம் கழித்து இன்னொரு பிரதி. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இறந்துபோன ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதம். அதில் செத்த பிறகான கதைகளிலும் ஆவிகளிலும் தனக்கு நம்பிக்கை இல்லை என்கிறார்; நட்சத்திரங்களுக்குப் பயணம் போக முடியும் என்பதை மட்டும் நம்புவதாகச் சொல்கிறார். தன் பிறப்பை உயிரைக் குடித்த ஒரு விபத்து என்கிறார். வினை என்று அவர் சொல்லவில்லை, விபத்து என்கிறார். கர்மத்துக்கு எதிராக ஒரு தலித் மாணவர் கண்டெடுத்த சொல் அது. வினைக்குக் கணக்கு உண்டு, விபத்துக்குக் கிடையாது. அந்த விடுதலையை மதிக்கிறேன். ஆனாலும் அந்தச் சொல்லோடு சமாதானமாக எனக்கு மனசு வரவில்லை. விபத்து என்றால் வண்டி ஓட்டினவன் யார்? சாக்கடைக் குழியில் இறங்கி மூச்சுத்திணறிச் சாகிற நம் பிள்ளைகளையும் காகிதத்தில் விபத்து என்றுதான் எழுதுகிறார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம் வந்த பிறகும் அப்படித்தான் எழுதுகிறார்கள். போன ஜென்மம் சொன்ன பதிலை இப்போது அந்த ஒரு சொல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பல்கலைக்கழகங்களில் நம் மாணவர்கள் அந்தக் கடிதத்தைக் கூட்டம் கூட்டமாக வாசிக்கிறார்கள், அழுகிறார்கள். அடுத்த முறை வாசிக்கும்போது பூதவாதியின் பகுதியையும் 37ஆம் குறளின் உரையையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பூதவாதிக்குச் சாத்தனார் கொடுக்காத பதிலை யாராவது எழுதினால் இந்தப் பக்கங்களிலேயே போடலாம்.